இரவுக் காவலுக்கு எத்தனை லூமன்? வீட்டு டார்ச்சின் வெளிச்சத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

டார்ச் வாங்கப் போகிறவர் அட்டைப்பெட்டியில் முதலில் தேடுவது லூமன் எண்ணைத்தான். 300, 1,000, 3,000 என்று எண் ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறுவதாகத் தோன்றிவிடுகிறது. ஆனால் நள்ளிரவில் சத்தம் கேட்டு எழுந்தவருக்கு டார்ச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். எதிரே நிற்பது யார், அவர் கையில் இருப்பது என்ன என்று ஓரிரு நொடியில் காட்ட வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்த மகனா, காற்றில் ஆடிய கதவா, முன்பின் தெரியாத ஆளா என்பது தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். இதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை வீட்டின் நீளமும் சுவரின் நிறமும் முடிவு செய்கின்றன. பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணுக்கு அதில் பங்கு குறைவு.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். வீட்டுக்குள் மட்டும் என்றால் 300 முதல் 500 லூமன், கூடவே 5,000 முதல் 10,000 கேண்டெலா (ஒளி நடுவில் எவ்வளவு குவிகிறது என்ற அளவு). முற்றம், தோட்டம், வெளிவாசல் வரை பார்க்க வேண்டியிருந்தால் 800 முதல் 1,000 லூமன், 15,000 முதல் 25,000 கேண்டெலா. அதற்கு மேல் போவது பெரும்பாலும் வீண், சில வீடுகளில் தொல்லையும்கூட.

லூமன் மட்டும் போதாது

லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. அந்த ஒளி ஒளிக்கற்றையின் நடுவில் எவ்வளவு இறுக்கமாகக் குவிந்திருக்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. ஒரே 500 லூமனை அறை முழுக்கப் பரப்பும் டார்ச்சும் உண்டு, ஒரு தட்டு அளவு வட்டத்துக்குள் திணிக்கும் டார்ச்சும் உண்டு. எதிரே நிற்பவர் மீது விழும் வெளிச்சம் லக்ஸ் என்ற அலகில் வரும். கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும். 10,000 கேண்டெலா உள்ள டார்ச் 5 மீட்டரில் 400 லக்ஸ் தரும், ஏறக்குறைய ஓர் அலுவலக மேசையின் வெளிச்சம். அதே டார்ச் 10 மீட்டரில் 100 லக்ஸும் 30 மீட்டரில் 11 லக்ஸும்தான் தரும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும்.

சில பெட்டிகளில் கேண்டெலா எண்ணே இருக்காது, ஒளி எட்டும் தூரம் மட்டும் மீட்டரில் போட்டிருக்கும். அதிலிருந்தே கேண்டெலாவை எடுக்கலாம். 2009-இல் அமெரிக்காவில் வந்த எஃப்எல்1 அளவீட்டுத் தரத்தின்படி, வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் இடம்தான் 'எட்டும் தூரம்'. அது முழுநிலவு வெளிச்சத்துக்குச் சமம். எனவே அந்தத் தூரத்தைப் பாதியாக்கி வர்க்கப்படுத்தினால் கேண்டெலா வந்துவிடும். 200 மீட்டர் என்றால் 100-இன் வர்க்கம், 10,000 கேண்டெலா. 140 மீட்டர் என்றால் 4,900. இந்தக் கணக்கிலிருந்தே இன்னொன்றும் விளங்கும்: 200 மீட்டர் எட்டும் என்று போட்டிருந்தால் 200 மீட்டரில் ஆளை அடையாளம் காணலாம் என்று பொருளில்லை. நிலவொளியில் உருவம் அசைவது தெரியும், அவ்வளவே. ஆள் இன்னார் என்று தெரிய அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட நம்ப முடியாது.

இருட்டில் ஒருவர் கையில் இருப்பது கைபேசியா கத்தியா என்று பிரித்தறியச் சில பத்து லக்ஸ் இருந்தால் போதும். வீட்டுக்குள் மிக நீளமான பார்வைக்கோடு, அதாவது படுக்கையறை வாசலிலிருந்து கூடத்தின் கடைசி மூலை வரை, பெரும்பாலும் 6 முதல் 10 மீட்டருக்குள் அடங்கிவிடும். 5,000 கேண்டெலா 8 மீட்டரில் 78 லக்ஸ் தரும். வேலை முடிந்தது.

இனி ஒவ்வொரு தரமாக

கைபேசி விளக்கை முதலில் கழித்துவிடலாம். சுமார் 50 லூமன், குவிக்கும் ரிஃப்ளெக்டரும் கிடையாது. ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் நடுவில் சில பத்துக் கேண்டெலாதான் தேறும், 5 மீட்டரில் ஒன்றிரண்டு லக்ஸ். செருப்பைத் தேடலாம். அதைவிட முக்கியம், உதவிக்கு அழைக்க வேண்டிய கருவியே விளக்காகவும் இருந்தால் இரண்டில் ஒரு வேலை நின்றுபோகும்.

100 முதல் 200 லூமன் வரை உள்ள சிறிய டார்ச்சைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். சிறிய அறைகளுக்கு இது போதும். 150 லூமனும் 2,000 கேண்டெலாவும் இருந்தால் 5 மீட்டரில் 80 லக்ஸ். குறை வேறு இடத்தில் இருக்கிறது. நடுப்பொட்டைச் சுற்றிய வெளிச்சம் மங்கலாக இருப்பதால் அறையின் இரண்டு ஓரங்களும் இருட்டிலேயே நிற்கும், டார்ச்சை அங்குமிங்கும் ஆட்டித் துழாவ வேண்டிவரும். எதிரே உள்ளவரின் கண்ணைக் கூசவைக்கும் திறனும் குறைவு. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இரவு நடமாட்டத்துக்கு என்றால் நல்ல தேர்வு.

300 முதல் 500 லூமன் ஏன் வீட்டுக்குள் பொருந்துகிறது என்பதற்குக் கூரையைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். டார்ச்சை ஆள் மீது அடிக்காமல் வெள்ளைக் கூரையில் அடித்தால் ஒளி அறை முழுக்கச் சிதறி இறங்கும். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, வெளிர் நிறச் சுவர் என்று வைத்துக்கொண்டால், 300 லூமன் சுமார் 7 முதல் 11 லக்ஸ் பொதுவெளிச்சம் தரும். நிழலில்லாமல் முகம் தெரியும், மூலை தெரியும், யார் கண்ணும் கூசாது. வீட்டிலிருப்பவரே எதிரே நிற்க வாய்ப்புள்ளபோது முதலில் செய்ய வேண்டியது இதுதான்: கூரையில் அடித்துப் பார்ப்பது. தேவைப்பட்டால் மட்டும் நேராக இறக்குவது. 100 லூமனில் இந்தக் கூரை வித்தை இரண்டு முதல் நான்கு லக்ஸோடு நின்றுவிடும். கறுப்பு உடையும் கையில் இருக்கும் சிறு பொருளும் அதில் பிடிபடாது. அடர்நிறச் சுவரும் மரக்கூரையும் உள்ள வீட்டில் இந்த எண்கள் பாதிக்கும் கீழே போகும், அங்கே 600 லூமன் பக்கம் நகர்வது சரி.

800 முதல் 1,000 லூமன் டார்ச் வெளிப்புறத்துக்கு உரியது. 20,000 கேண்டெலா என்றால் 30 மீட்டரில் 22 லக்ஸ், மதில் ஓரம் நிற்பவரை அடையாளம் காணலாம். தெருவிளக்கின் கீழோ எரியும் வாகன விளக்குகளுக்குப் பின்னாலோ ஒருவர் நின்றால் அந்த வெளிச்சத்தைத் தாண்டிப் போவதற்கும் கேண்டெலாதான் வேண்டும். லூமனைக் கூட்டிப் பரப்பினால் பயனில்லை. வீட்டுக்குள்ளும் இதைப் பயன்படுத்தலாம், குறைந்த நிலை ஒன்று இருந்து அதற்குச் சிக்கலில்லாமல் மாற முடிந்தால்.

1,500-க்கு மேல் என்ன கிடைக்கிறது? நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. இரு மடங்கு பிரகாசமாகத் தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு லூமன் வேண்டும் என்பது டார்ச் விஷயத்தில் புழங்கும் கணக்கு. 500-லிருந்து 1,000-க்குப் போவது வித்தியாசமாகத் தெரியும். 1,000-லிருந்து 1,500-க்குப் போவது அருகருகே வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். விலையும் எடையும் சூடும் மட்டும் நேர்விகிதத்தில் ஏறும்.

வெள்ளைச் சுவர் திருப்பி அடிக்கும் வெளிச்சம்

'அதிக லூமன் உங்களையே குருடாக்கிவிடும்' என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. 20,000 கேண்டெலா டார்ச் 1 மீட்டர் தள்ளியுள்ள வெள்ளைச் சுவரில் விழுந்தால் அந்த இடத்தில் 20,000 லக்ஸ், மேகமூட்டமான பகலின் வெளிச்சம். பகலில் அதைப் பார்த்தால் கண் சிமிட்டக்கூடத் தோன்றாது. இருட்டில் உறங்கி எழுந்த கண்ணுக்கு அது அறைந்தாற்போல் இருக்கும். சில நொடியில் கண் பழகிவிடும். ஆனால் அந்தச் சில நொடிதான் இங்கே விலை உயர்ந்தது. அதே டார்ச் 4 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழுந்தால் 1,250 லக்ஸ்தான், தாங்கிக்கொள்ளலாம். எனவே குறுகிய நடை, மாடிப்படி, நிலைக்கண்ணாடி, பளபளக்கும் தரை உள்ள வீடுகளில் குறைந்த கேண்டெலாவும் அகலமான கற்றையும் நல்லது. திறந்த கூடம் உள்ள வீட்டில் இந்தக் கவலை குறைவு.

உண்மையான இழப்பு டார்ச்சை அணைக்கும்போது வருகிறது. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்தப் பழக்கத்தை ஒரு நொடி வெளிச்சம் அழித்துவிடும். அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தால் நீங்கள் நிற்பது முழு இருட்டில், கண்ணுக்குள் வெளிச்சப் பொட்டு மிதக்க. 'அடி, அணை, நகர்' என்ற உத்தி பயிற்சி பெற்றவர்களுக்கானது. வீட்டில் குடும்பத்தோடு இருப்பவர், போட்ட வெளிச்சத்தை அணைக்காமல் அடுத்த சுவிட்சைத் தட்டி அறை விளக்கைப் போடுவதே மேல். டார்ச் உங்கள் இருப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பது மெய்தான். அதற்கு மாற்று, தேடிப் போகாமல் இருப்பது. அறைக்குள் எல்லோரையும் சேர்த்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உதவிக்கு அழைப்பதுதான் பாதுகாப்பான வழி. டார்ச் அந்த அறைக்குப் போய்ச் சேர உதவும் கருவி.

எதிரே இருப்பவரைக் கூசவைப்பது பற்றியும் அளவோடு நம்புங்கள். 10,000 கேண்டெலா 4 மீட்டரில் முகத்தில் 625 லக்ஸ். இருட்டில் நின்றவர் தலையைத் திருப்புவார், கையை உயர்த்துவார், உங்களுக்குப் பின்வாங்க ஓரிரு நொடி கிடைக்கும். விளக்கு எரியும் அறையில் நிற்பவரிடம் இது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. ஆயுதத்தோடு பிணைத்த விளக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதைக் கொண்டு எதைப் பார்க்க வேண்டுமானாலும் அதன் மீது ஆயுதத்தைக் குறிவைத்தே பார்க்க வேண்டும். யாரென்று அடையாளம் காணும் வேலைக்குக் கையில் தனி டார்ச் இருந்தே ஆக வேண்டும்.

பெட்டியில் உள்ள எண் எத்தனை நிமிடம் நிற்கும்?

18650 என்ற வகை லித்தியம் செல், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, நல்ல தரத்தில் சுமார் 12 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 130 லூமன் தருவதாகக் கொண்டால் மொத்தம் 1,200 முதல் 1,500 லூமன்-மணி. அதாவது 1,000 லூமனை ஒன்றேகால் மணி நேரம், 300 லூமனை நான்கு முதல் ஐந்து மணி நேரம். '1,000 லூமன், 10 மணி நேரம்' என்று ஒற்றை செல் டார்ச்சில் போட்டிருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது. எஃப்எல்1 தரத்தில் எரியும் நேரம் என்பதே வெளிச்சம் தொடக்க அளவில் 10 விழுக்காடாகக் குறையும் வரை உள்ள நேரம். ஆகவே அந்தத் தரத்தின்படி பொய்யில்லை, பயன்பாட்டில் பொய். உள்ளங்கைக்குள் அடங்கும் டார்ச்சுக்கு 1,00,000 லூமன் என்று எழுதியிருப்பதற்கு இந்தச் சமாளிப்புகூடக் கிடையாது.

செல்லுக்கு முன்னால் சூடு தடுத்துவிடும். 1,000 லூமனுக்கு 8 முதல் 10 வாட் செலவாகும், அதில் பெரும்பகுதி வெப்பமாகி டார்ச்சின் உலோகக் குழாயில் இறங்கும். விரல் நீள டார்ச்சால் அதை வெளியேற்ற முடியாது. ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் உள்ளிருக்கும் மின்சுற்று தானே வெளிச்சத்தைக் குறைத்து 300–400-இல் நிறுத்தும். எனவே பல '1,000 லூமன்' டார்ச்சுகள் நடைமுறையில் 400 லூமன் டார்ச்சுகள். வீட்டுக் காவலுக்கு இது பெரிய குறையல்ல, முதல் இரண்டு நிமிடம்தான் முக்கியம். ஆனால் 500 லூமனை ஒரு மணி நேரம் இறங்காமல் தரும் டார்ச், நொடி நேரம் 2,000 காட்டிவிட்டுச் சரியும் டார்ச்சைவிட நம்பகமானது. வெளிச்சம் நேரத்தோடு எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தைத் தயாரிப்பாளர் கொடுத்திருந்தால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

சுவிட்ச்: லூமனைவிடப் பெரிய விஷயம்

பயத்தில் கை நடுங்கும்போது விரல் நுட்பமெல்லாம் போய்விடும். ஒரே சுவிட்சில் ஐந்து நிலை, இருமுறை தட்டினால் மின்னல், மூன்று நொடி அழுத்தினால் மங்கல் என்ற அமைப்பு அந்த நேரத்தில் காலை வாரும். கடைசியாகப் பயன்படுத்திய நிலையை நினைவில் வைத்திருக்கும் டார்ச் இன்னும் மோசம். நேற்று குழந்தைக்குப் போர்வை சரிசெய்ய 1 லூமனில் வைத்தது, இன்று கூடத்தில் அதே 1 லூமனில் எரியும். முதல் அழுத்தில் எப்போதும் ஒரே வெளிச்சம் வர வேண்டும். பின்முனை சுவிட்சில் இரண்டு வகை உண்டு. பாதி அழுத்தினால் எரிந்து, விரலை எடுத்தால் அணைவது ஒன்று. முழுதாக அழுத்தி விட்ட பிறகே எரிவது இன்னொன்று. இரவுக் காவலுக்கு முதல் வகையே ஏற்றது.

ஸ்ட்ரோப் எனும் மின்னல் நிலையை விற்பனையில் பெரிதாகப் பேசுவார்கள். எதிரே உள்ளவரைக் குழப்பும், உங்களையும் குழப்பும். வெள்ளைச் சுவர் உள்ள அறையில் ஒவ்வொரு மின்னலும் உங்களிடமும் திரும்பி வரும். கை அசைவு துண்டு துண்டாகத் தெரிவதால் அவர் கையில் இருப்பதைப் பார்ப்பதும் கெடும். விட்டு விட்டு எரியும் ஒளிக்கு வலிப்பு வரக்கூடியவர் வீட்டில் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஸ்ட்ரோப் இல்லாத டார்ச், அல்லது அதை முடக்கி வைக்க முடிகிற டார்ச் சிறந்தது.

நிறம் பற்றிச் சுருக்கமாக: 6,500 கெல்வின் பக்கம் உள்ள நீலச்சாயல் வெள்ளை லூமன் எண்ணைக் கூட்டிக் காட்டும், புகையிலும் தூசியிலும் திரும்பக் கூசும். 4,000 முதல் 5,000 கெல்வின் கண்ணுக்கு இதம், உடை நிறமும் இரத்தக் கறையும் சரியாகத் தெரியும். நிறத்தை நன்றாகக் காட்டும் எல்இடி, அதாவது சிஆர்ஐ 90-க்கு மேல், அதே மின்சாரத்தில் லூமனைக் கொஞ்சம் குறைத்தே தரும். அந்த இழப்பைக் கண் கவனிக்காது.

செல்லும் வைக்கும் இடமும்

டார்ச் வருடத்தில் 360 நாள் சும்மா கிடக்கும். ஆகவே செல் தேர்வு முக்கியம். சாதாரண ஆல்கலைன் செல் உள்ளேயே கசிந்து சுவிட்சை அரித்துவிடும், மாதக்கணக்கில் போட்டு வைக்க இது ஆகாது. சிஆர்123ஏ எனும் 3 வோல்ட் லித்தியம் செல் சுமார் 10 ஆண்டு கெடாமல் இருக்கும், சார்ஜ் செய்ய முடியாது. இரண்டு செல் போடும் டார்ச்சில் பழையதையும் புதியதையும் கலந்தால் பலவீனமானது சூடேறி வெடிக்கக்கூடும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 18650 செல்லில் பாதுகாப்புச் சுற்று உள்ளது சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், சில டார்ச்சில் மூடி முழுதாக இறுகாது. வாங்கும்போதே போட்டுப் பாருங்கள்.

பக்கவாட்டில் மின்னணு சுவிட்ச் உள்ளவை அணைந்திருக்கும்போதும் துளித் துளியாக மின்சாரம் எடுக்கும். மூடியைக் கால் திருப்புத் தளர்த்தினால் அது நிற்கும், ஆனால் இரவில் அதைத் திருகி இறுக்க வேண்டிவரும். பின்முனையில் இயந்திர சுவிட்ச் உள்ளதில் இந்தச் சிக்கலே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்லின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். முழு சார்ஜில் 4.2 வோல்ட், 3.9-க்குக் கீழே இருந்தால் மீண்டும் ஏற்றுங்கள்.

வைக்கும் இடம் எப்போதும் ஒன்றாக, சுவிட்ச் எப்போதும் ஒரே திசையில். மேசை இழுப்பறைக்குள் வேண்டாம், இழுக்கும் சத்தமும் துழாவும் நேரமும் வீண். கையில் பிடிக்கும்போது கண்ணுக்குப் பக்கத்தில் வைக்காமல் உடலிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாகவோ கொசுவலை வழியாகவோ வெளியே அடிக்கும்போது வெளிச்சத்தில் ஒரு பகுதி முகத்துக்கே திரும்பும், 2,000 லூமன் இருந்தாலும் வெளியே சரியாகத் தெரியாது. டார்ச்சின் முகப்பைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் சரியாகிவிடும். வலையிலும் இப்படியே.

வாங்கிய பின் ஒரு சோதனை

விளக்குகளை அணைத்து 20 நிமிடம் இருட்டில் உட்காருங்கள். வீட்டின் மிக நீளமான பார்வைக்கோட்டின் மறுமுனையில் ஒருவர் கறுப்புச் சட்டையோடு நிற்கட்டும், கையில் சாவிக்கொத்தோ கைபேசியோ பணப்பையோ எது என்று சொல்லாமல். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் கூரையில் அடியுங்கள், ஆள் யார் என்று தெரிகிறதா? பிறகு மார்பு உயரத்தில் நேராக, கையில் இருப்பது ஒரு நொடியில் தெரிகிறதா? அடுத்து குறுகிய நடையில் நின்று 1 மீட்டர் எதிரே உள்ள சுவரில் அடியுங்கள். கண் தானாக மூடிக்கொண்டால் அந்த டார்ச்சில் ஒரு நிலை கீழே இறங்க வேண்டும். கூரை வெளிச்சத்தில் ஆள் தெரியவில்லை என்றால் லூமனைக் கூட்டுங்கள். நேராக அடித்தும் கைப்பொருள் தெரியவில்லை என்றால் கேண்டெலாவைக் கூட்டுங்கள். எல்லாம் தெரிந்து ஓரங்கள் மட்டும் இருட்டாக இருந்தால் எண்ணை விட்டுவிட்டு அகலமான கற்றை உள்ள டார்ச்சுக்கு மாற்றுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களும் சொல்லிக்கொடுக்காமலே அதை எரியவைக்க முடிகிறதா என்று அதே இருட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.